ஊட்டியைவிடக் குட்டையான அரசி

சுவிட்சர்லாந்தின் ரிகி மலைக்கு ‘மலைகளின் அரசி’ என்று பட்டம். ஊட்டிக்கும் அதே பட்டம்தான். இரண்டு அரசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால்தான் சங்கடம். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். ரிகியின் உச்சி 1,798 மீட்டர். ஐரோப்பாவே இருநூறு ஆண்டுகளாக மூச்சு வாங்க ஏறிப்போய் நின்று வியக்கும் சிகரம், ஊட்டி பஸ் ஸ்டாண்டைவிட நானூறு மீட்டருக்கு மேல் தணிவு.

இந்த உண்மையை லூசெர்ன் நகரின் படகுத்துறையில் நின்றபடி கைப்பேசியில் கண்டுபிடித்தார் ஒரு கோவைக்காரர். மேட்டுப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். மனைவியோடு சூரிக்கில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருப்பவர்.

“ஏனுங் மாப்பிள்ளை, ஏரோப்ளேன் ஏறி இவ்வளவு தூரம் வந்து, நம்ம ஊட்டியைவிடக் கட்டையான மலைக்கா கூட்டிட்டுப் போறீங்க?”

“உயரத்தை மட்டும் பாக்கக் கூடாதுங்க மாமா. ஊட்டி அட்சரேகை பதினொண்ணு, இது நாப்பத்தேழு. குளிர்காலத்துல இந்த உயரமே பனியில மூடிக்கும்.”

“அட்சரேகைக்கெல்லாமா டிக்கெட் போடுவாங்க?”

“டிக்கெட்டே இல்லைப்பா. பாஸ்ல இருக்குது” என்றாள் மகள். விவாதம் அத்தோடு முடிந்தது.

ஸ்விஸ் டிராவல் பாஸ் என்பது ரயில், பஸ், படகு, அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கப்படும் அட்டை. பேர்போன உயரமான மலைகள் பலவற்றுக்கு அதில் தள்ளுபடி மட்டுமே கிடைக்கும். ரிகிக்கோ முழுப் பயணமும் அதற்குள்ளேயே அடக்கம். பாஸ் கைக்கு வந்த நாளிலிருந்து பெரியவர் ஊர் சுற்றிப் பார்க்கவில்லை, பாஸைத் தீர்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையில் மகள் ரிகி உச்சியின் நேரலைக் கேமராவைத் திறந்து காட்டினாள். திரை முழுக்க வெள்ளை. மலைக்குக் கிளம்பும் முன் கேமராவைப் பார்ப்பது அந்த நாட்டில் பல் துலக்குவதற்கு அடுத்த வேலை. “மேல ஒண்ணுமே தெரியலைப்பா, நாளைக்குப் போலாம்.” பெரியவர் அசையவில்லை. “பாஸ் ஓடிட்டிருக்குது கண்ணு.”

லூசெர்ன் ஏரியில் இன்றும் ஐந்து நீராவிக் கப்பல்கள் ஓடுகின்றன. மூத்தது ‘யூரி’, 1901-இல் வந்தது. இளையது ‘ஸ்டாட் லூசெர்ன்’, 1928. இரு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள். கப்பலின் நடுவில் தளத்தைத் திறந்துவிட்டிருப்பதால் கீழே எஞ்சின் இயங்குவதை எட்டிப் பார்க்கலாம். வெளியே இருபுறமும் ஆல்ப்ஸ் மலைகள் வரிசையாக நின்றுகொண்டிருக்க, பயணிகளில் பாதிப் பேர் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஃகுத் தண்டுகள் எண்ணெயில் மினுங்கிக்கொண்டு போய் வந்தன. பித்தளைக் குழாய்களில் முகம் பார்க்கலாம். அம்மாள் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “குத்துவிளக்காட்டத் தேச்சு வெச்சிருக்கறாங்க. யார் தேய்க்கறாங்களோ பாவம்.”

வழியில் வெக்கிஸ் என்ற கரையோர ஊரில் கப்பல் நின்றது. ரிகியின் நகைச்சுவை வரலாறு இந்த ஊரிலிருந்துதான் தொடங்குகிறது. 1878-இல் ஐரோப்பாவைச் சுற்றிய அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், 1880-இல் வெளியிட்ட பயண நூலில், தானும் நண்பரும் வெக்கிஸிலிருந்து ரிகிக்கு நடந்து ஏறிய கதையைச் சொல்கிறார். அவர்கள் நடந்ததற்கு ஏழாண்டுகள் முன்பே மலை மேல் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் நடை. ஏற மூன்றேகால் மணி நேரம் போதும் என்றது வழிகாட்டிப் புத்தகம். நண்பர்கள் எடுத்துக்கொண்டது நாள்கணக்கு. நோக்கம் ஒன்றே ஒன்று: உச்சியில் சூரியோதயம் பார்ப்பது. வழியில் ஒரு விடுதியில் தங்கி, விடியலுக்கு எழ நினைத்து, வெயில் ஏறும்வரை தூங்குகிறார்கள். பிறகு மூடுபனியில் வழி தெரியாமல் திண்டாடுகிறார்கள். ஒருவழியாக உச்சிக்குப் போய்ப் படுத்து, விழித்தவுடன் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஓடி வெளியே நின்றால், சூரியன் மேலே வருவதற்குப் பதில் கீழே போய்க்கொண்டிருக்கிறது. பகல் முழுக்கத் தூங்கி எழுந்து அஸ்தமனத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்!

ஏறும் வழியில் நடந்தது இன்னொன்று. ஆல்ப்ஸ் இடையர்கள் குரலை உடைத்து உடைத்துப் பாடும் யோடல் பாட்டை முதன்முதலாகக் கேட்ட மகிழ்ச்சியில் ட்வைன் பாடிய பையனுக்கு ஒரு பிராங்க் கொடுக்கிறார். அடுத்த வளைவில் அடுத்த பாடகன். அதற்கடுத்த வளைவில் இன்னொருவன். சன்மானம் படிப்படியாக இறங்குகிறது. கடைசியில் ஆளுக்கு ஒரு பிராங்க் மறுபடியும் கொடுக்கிறார், இந்த முறை பாடாமல் இருப்பதற்கு. இத்தனைக்கும் அவருக்கு அந்த இடத்தின் மேல் கோபம் இல்லை. 1897-இல் குடும்பத்தோடு வந்து வெக்கிஸிலேயே தங்கினார். அவர் ஏறிய வழிக்கு இன்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நடக்கப் பிடிக்காமல் நடந்த மனிதருக்கு ஒரு நடைபாதையே நினைவுச்சின்னம்!

கப்பல் ஒரு மணி நேரத்தில் விட்ஸ்னாவில் இறக்கிவிட்டது. படகுத்துறைக்கு எதிரிலேயே ரயில் நிலையம். சிவப்பு ரயில் தயாராக நின்றது. பெரியவர் ஏறவில்லை. நடைமேடை ஓரத்தில் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் புது வெளிச்சம்.

“மாப்பிள்ளை, இது நம்ம மேட்டுப்பாளையம் வண்டியேதானுங்க!”

இந்த முறை அவர் சொன்னதில் பிழையே இல்லை.

ஐரோப்பாவின் முதல் மலை ரயில் இங்கேதான் 1871 மே 21 அன்று ஓடத் தொடங்கியது. அதை வடிவமைத்த நிக்லாஸ் ரிக்கன்பாக்குக்கு அன்று 54-ஆவது பிறந்தநாள். வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தில் வழுவழுப்பான இரும்புச் சக்கரம் செங்குத்தான சரிவில் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். ரிக்கன்பாக் இரு தண்டவாளங்களுக்கு நடுவே இரும்பு ஏணி ஒன்றைப் படுக்க வைத்தார். எஞ்சினுக்கு அடியில் ஒரு பல்சக்கரம். அது ஏணியின் படிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு ஏறும். மிகச் செங்குத்தான இடத்தில் 100 மீட்டருக்கு 25 மீட்டர் உயர்கிறது ரிகி பாதை. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் இது பன்னிரண்டரைக்கு ஒன்று, அதாவது 100-க்கு எட்டு. முதலில் வந்த எஞ்சின்களில் கொதிகலனை நிமிர்த்தியே வைத்திருந்தார்கள். படுத்த கொதிகலன் என்றால் சரிவில் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறு பக்கத்துக் குழாய்கள் வறண்டு தீய்ந்துவிடும்.

ரிகி வெற்றி பெற்றதும் உலகில் எங்கெல்லாம் மலை இருக்கிறதோ அங்கெல்லாம் ரிக்கன்பாக்கைக் கூப்பிட்டார்கள். 1882-இல் அவர் நீலகிரிக்கும் வந்து பாதைக்கு மதிப்பீடு போட்டார். அதற்காகத் தொடங்கப்பட்ட உள்ளூர் கம்பெனிக்குப் பெயரே ‘நீலகிரி ரிகி ரயில்வே’. பணம் சேரவில்லை, திட்டம் படுத்தது. பிறகு மற்றவர்கள் எடுத்துக் கட்டி 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் ரயில் போய்ச் சேர்ந்தபோது, குன்னூர்வரையுள்ள செங்குத்தான பாதையின் நடுவே பதிக்கப்பட்டிருந்தது ரிக்கன்பாக்கின் ஏணி அல்ல, ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த இரட்டைப் பல்தகடு. ஆப்ட் யார் என்றால், ரிக்கன்பாக்கிடம் வேலை பார்த்துத் தொழில் கற்றவர். நீலகிரியில் புகை கக்கிய பல்சக்கர எஞ்சின்கள் பலவும் வந்தது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலையிலிருந்து. அந்தத் தொழிற்சாலை 1873-இல் செய்த முதல் எஞ்சின் எங்கே ஓடியது? இதே விட்ஸ்னா–ரிகி பாதையில்.

ஆக, மேட்டுப்பாளையத்து வண்டிக்கு இந்த வண்டி பெரியப்பா முறை. மாப்பிள்ளை கைப்பேசியில் இதையெல்லாம் படித்துச் சொல்லச் சொல்ல, பெரியவர் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, சம்பந்தி வீட்டுத் திண்ணையில் உட்காரும் உரிமையோடு உட்கார்ந்தார். எதிரே இருந்த வெளிநாட்டுத் தம்பதியிடம், எஞ்சின் ஏன் பெட்டிகளை இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறது என்று ஆங்கிலத்தில் விளக்கவும் ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்ன எஞ்சின் நீலகிரியில் இருந்தது. இவர்கள் உட்கார்ந்திருந்தது மின்சார ரயில். இந்தப் பாதைக்கு 1937-இல் மின்சாரம் வந்தாயிற்று. தம்பதி எதற்கும் இருக்கட்டும் என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

ரயில் ஏற ஏற, ஏரி சாய்ந்துகொண்டே போனது. உண்மையில் சாய்ந்தது ரயில்தான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே வீடும் மரமும் பசுவும் தண்ணீரும் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்பதாகவே கண் அடம்பிடிக்கும். கால்ட்பாட் என்ற நிறுத்தத்தில் பாதிப் பேர் இறங்கினார்கள். அங்கே குளிர்ந்த ஊற்று ஒன்று உண்டு. அதில் முழுகினால் காய்ச்சல் போகும் என்று பல நூற்றாண்டுகளாக நம்பி வந்தார்கள். 2012-இல் அதே இடத்தில் கட்டடக் கலைஞர் மாரியோ போட்டா வடிவமைத்த குளியலகம் வந்தது. இப்போது வெந்நீர். காய்ச்சல் இல்லாதவர்கள்தான் முழுகுகிறார்கள்.

அதற்கு மேலே ஷ்டாஃபல் என்ற இடத்தில் பெரியவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். திடீரென்று இன்னொரு தண்டவாளம் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் ஒட்டியே உச்சிவரை போகின்றன. குட்டை மலைக்கு எதற்கு இரண்டு பாதை?

எல்லாம் எல்லைத் தகராறு. மலையின் விட்ஸ்னா பக்கம் லூசெர்ன் மாநிலம். உச்சி ஷ்வீட்ஸ் மாநிலம். ரிக்கன்பாக்கின் கம்பெனிக்கு லூசெர்ன் கொடுத்த அனுமதி எல்லையோடு முடிந்தது. உச்சிப் பகுதிக்கான உரிமையை ஷ்வீட்ஸ் மாநிலம் தன் பக்கத்துக் கம்பெனிக்குக் கொடுத்தது. அந்தக் கம்பெனி முதலில் தன் ஊரிலிருந்து பாதை போடவில்லை. எல்லையிலிருந்து உச்சிவரையுள்ள கொஞ்ச தூரத்தை மட்டும் கட்டி, 1873-இல் அதைப் போட்டிக் கம்பெனிக்கே வாடகைக்கு விட்டது. வாடகை வர வர, தன் பக்கத்திலிருந்து சொந்தப் பாதையையும் கட்டி 1875-இல் ஆர்த் கோல்டாவ் வழியைத் திறந்தது. அதனால்தான் இங்கே சிவப்பு ரயில், அங்கே நீல ரயில். ஒரே மலையில் இரண்டு கம்பெனிகளும் நூறாண்டுகளுக்கு மேல் முறைத்துக்கொண்டு ஓடி, 1992-இல்தான் ஒன்றாயின. “பங்காளிச் சண்டைன்னா எல்லா ஊர்லயும் ஒண்ணுதானுங்க” என்றார் அம்மாள்.

உச்சி நிலையத்தின் பெயர் ரிகி கூல்ம். கதவு திறந்ததும் வெள்ளை. கேமரா பொய் சொல்லவில்லை.

நிலையத்திலிருந்து சிகரத்துக்குச் சற்று நடக்க வேண்டும். மூடுபனிக்குள் ஒரு பெருங்கூட்டம் குரலாக மட்டும் நடந்துகொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் மூன்றடி தூரத்தில் உருவமாகி மறுபடி குரலாகிப் போனார்கள். பாதிப் பேர் கையில் மலையேற்றக் கம்பு, காலில் கனத்த பூட்ஸ், முதுகில் பெரிய பை. அத்தனை பேரும் ரயிலில் வந்தவர்கள். இந்தக் காட்சியை எழுதியாயிற்று. அல்ஃபோன்ஸ் தோதே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1885-இல் வெளியிட்ட நாவலில் டார்டரான் என்ற சூரப்புலி, கயிறு, பனிக்கோடரி சகிதம் மூடுபனியில் போராடி ரிகி உச்சியை அடைகிறான். அடைந்தால், அங்கே நூற்றுக்கணக்கான ஆட்கள் தங்கியிருக்கும் பெரிய ஓட்டல்! எல்லாரும் ரயிலில் வந்து சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள். அந்தச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கட்சிகள் வேறு: அரிசி இனிப்பு சாப்பிடும் கட்சி, உலர்ந்த பிளம் பழம் சாப்பிடும் கட்சி. ஒருவரையொருவர் பார்வையாலேயே எரிக்கிறார்கள். புளியோதரை டப்பாவோடு வந்திருந்த அம்மாள் எந்தக் கட்சி என்பதில் சந்தேகமே இல்லை.

ஓட்டல் கற்பனை அல்ல. 1816-இல் ஒரு சின்ன விடுதியாகத் தொடங்கி, படிப்படியாக உச்சியில் மாளிகைகள் எழும்பின. விடியலுக்கு முன் ஆல்ப்ஸ் ஊதுகொம்பை ஊதி அத்தனை பேரையும் எழுப்புவார்கள். குளிர் தாங்காமல் அறைக் கம்பளியையே போர்த்திக்கொண்டு வெளியே ஓடுவது வழக்கமாகிப்போக, கம்பளியை எடுத்துப்போனால் அபராதம் என்று ஓட்டலில் அறிவிப்பு ஒட்டும் நிலை வந்தது. பின்னாளில் அந்த மாளிகைகள் பாழடைந்து, உச்சியின் அழகைக் கெடுக்கின்றன என்ற குரல் கிளம்பியது. 1950-களின் தொடக்கத்தில் அவற்றை இடித்து இடத்தைச் சுத்தம் செய்தார்கள். அதற்கு நிதி திரட்டிய வழிதான் சுவிட்சர்லாந்துக்கே உரியது: பொன்னிறத் தாள் சுற்றிய சாக்லேட் காசுகளைப் பள்ளிப் பிள்ளைகள் வீதி வீதியாக விற்றார்கள். நாடு சாக்லேட்டைத் தின்றது, ஓட்டல் இடிந்தது. இன்று உச்சியில் ஒரே ஓட்டல்தான்.

சிகரத்தில் கம்பிவேலி ஓரம் நீளமான பலகை ஒன்று. எதிரே தெரியும் மலைகள் ஒவ்வொன்றும் அதில் படமாக வரைந்து, பெயரும் உயரமும் எழுதப்பட்டிருக்கின்றன: டிட்லிஸ், ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ். பலகைக்குப் பின்னால் வெள்ளையைத் தவிர வேறு எதுவும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் பலகையைப் படம் எடுத்துக்கொண்டார்கள். பெரியவர் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்து, பதின்மூன்று ஏரிகள் தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதையும் மகளிடம் உறுதி செய்துகொண்டு, வெள்ளையை நோக்கி நின்றார். ஒரு நிமிடம் பனி கிழிந்து, கீழே ஒரு கைக்குட்டை அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. “ஒண்ணு!” என்று கத்தினார். கிழிசல் மூடிக்கொண்டது. மீதிப் பன்னிரண்டும் வரவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்ததும் எங்கிருந்தோ கரிய பறவைகள் வந்து சுற்றி இறங்கின. மஞ்சள் அலகு, சிவந்த கால், மற்றபடி அப்பட்டமான காக்கை. ஆல்ப்ஸ் உச்சிகளில் சுற்றுலாக்காரர்களை நம்பிக் குடித்தனம் நடத்தும் இனம். அம்மாளுக்கு உடல் சிலிர்த்தது. “ஏனுங்க, இன்னிக்கு என்ன திதிங்க?” மாப்பிள்ளை, இங்கே பறவைகளுக்குத் தீனி போடக்கூடாதுங்க அத்தை என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு பிடி பெஞ்சின் நுனியில் வைக்கப்பட்டுவிட்டது. காக்கை தலையைச் சாய்த்து ஆராய்ந்தது. நிலக்கடலையை மட்டும் பொறுக்கிக்கொண்டு, சோற்றைத் தொடாமல் பறந்தது. “உங்கப்பாவேதான்” என்றார் அம்மாள் கணவரிடம்.

ரிகியை இதுவரை யாரும் பார்க்காத அழகோடு பார்த்தவர் என்று ஓவியர் டர்னரைச் சொல்வார்கள். 1842-இல் அவர் வரைந்த ‘நீல ரிகி’, ‘சிவந்த ரிகி’, ‘இருண்ட ரிகி’ என்ற மூன்று நீர்வண்ண ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றவை. நீல ரிகியை 2007-இல் லண்டன் டேட் அருங்காட்சியகம் 49.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பணம் சேர்க்க, ஓவியத்தின் ஒவ்வொரு தூரிகைத் தீற்றலையும் ஐந்து பவுண்டு என்று பொதுமக்களுக்கு ‘விற்றார்கள்’. இத்தனைக்கும் அந்த மூன்று படங்களில் அவர் காட்டியது உச்சியிலிருந்து தெரியும் காட்சியை அல்ல. ஏரிக்கு இக்கரையில், லூசெர்னிலிருந்து பார்த்த மலையை.

இறங்கும்போது பாஸின் முழுப் பயனையும் எடுக்கவேண்டும் என்பதால் நீல ரயில். இடையில் க்ளோஸ்டர்லி என்ற இடத்தில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து யாத்ரிகர்கள் வந்துபோகும் ‘பனி மாதா’ சிற்றாலயம். அதைத் தாண்டி எதிர்ப்பக்கம் ரோஸ்பெர்க் மலை. 1806 செப்டம்பர் 2 அன்று அதன் ஒரு பக்கம் சரிந்து கீழே இருந்த கோல்டாவ் ஊரை மூடியது. 457 பேர் மாண்டார்கள். அந்தச் சரிவு இன்றும் மலையில் தெரிகிறது. வண்டியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஆர்த் கோல்டாவ் நிலையத்தில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், ரிகி உச்சி பளிச்சென்று நிற்கிறது. ஒரு பொட்டு மேகம் இல்லை. மேலே இருக்கும் அலைபரப்புக் கோபுரம்கூடத் தெரிகிறது.

பெரியவர் கால அட்டவணை ஒட்டியிருந்த பக்கம் நகர்ந்தார். “ஏனுங் மாப்பிள்ளை, இந்தப் பாஸ்ல எத்தனை வாட்டி வேணும்னாலும் போலாமில்லீங்க?”

“போலாங்க மாமா. ஆனா…”

“அடுத்த வண்டிக்கு இன்னும் நேரம் இருக்குது. மீதிப் பன்னண்டு ஏரியையும் பாத்துப்போட்டு வந்தர்லாம்.”

“நீங்க போயிட்டு வாங்க” என்று அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். “எனக்கு இங்கிருந்தே நல்லாத்தான் தெரியுது.”

ஆண்கள் இருவரும் ஓடிப்போய் ஏறினார்கள். நீல ரயில் சரிவில் தலையைத் தூக்கி, காட்டுக்குள் நுழைந்து மறைந்தது. மகள் காபி வாங்கி வந்தாள். அம்மாள் விலையைக் கேட்டு, ரூபாயில் பெருக்கி, பெருமூச்சு விட்டு, ஒரு மடக்குக் குடித்து, மலையை அண்ணாந்து பார்த்தார். மேற்கே இருந்து வெள்ளை மேகம் ஒன்று மெதுவாக வந்து, உச்சியைத் தொட்டு, கோபுரத்தை முதலில் விழுங்கியது.

மகள் கைப்பேசியை எடுத்தாள்.

“போன் பண்ணிச் சொல்லீராத கண்ணு. மேல போயே பாத்துக்கட்டும்.”